செவர்லே சி15ஏ: ஒஷாவாவில் பிறந்த போர்க்கால லொறி, வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு மதிப்பீடு

விற்றவர் அதை “1940ஆம் ஆண்டு ஃபோர்ட், மூன்று தொன் இராணுவ லொறி” என்று சொல்லித்தான் விற்றார். ஆண்டு, கம்பனி, தொன் ஆகிய மூன்றுமே பிழை. அவர் பொய் சொல்லவில்லை. தன் தகப்பனாரிடம் கேட்டதை அப்படியே ஒப்புவித்தார். கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில், பீற்றர்பரோவுக்கு வடக்கே ஒரு பண்ணையின் களஞ்சியத்தில், வைக்கோல் கட்டுகளுக்குப் பின்னால், ரயர்கள் மண்ணில் புதைந்தபடி நின்ற அந்த வாகனம் உண்மையில் ஜெனரல் மோட்டர்ஸின் கனடியக் கிளை ஒஷாவாவில் செய்த செவர்லே சி15ஏ என்ற சிறிய லொறி. நான் வசிக்கும் ஏஜாக்ஸிலிருந்து அந்தத் தொழிற்சாலை இருக்கும் நகரத்துக்கு அரை மணி நேர ஓட்டம்கூட இல்லை. நான்கு ஆண்டுகள் வார இறுதிகளில் அதைத் திருத்தி, சென்ற கோடையில்தான் தெருவில் இறக்கினேன். இத்தகைய வாகனத்தை வாங்கும் எண்ணம் உள்ளவர்களுக்காக, அதன் நிறைகளையும் குறைகளையும், எல்லாவற்றுக்கும் முதலில் அதை அடையாளம் காணும் விதத்தையும் இங்கே எழுதுகிறேன்.

‘கனடிய இராணுவ வடிவம்’ என்று அழைக்கப்படும் இந்த லொறிகளின் கதை 1937இல் தொடங்குகிறது. பிரித்தானிய இராணுவத்தின் அளவுகளுக்கு ஏற்ப ஒரு சிறிய லொறியை மாதிரிக்குச் செய்து காட்டும்படி கனடிய அரசு ஃபோர்டையும் ஜெனரல் மோட்டர்ஸையும் கேட்டது. போட்டிக் கம்பனிகள் இரண்டும் ஒரே வரைபடத்தில் வேலை செய்தமையால் ஓட்டுபவர் அமரும் முன்கூடும் உடலும் ஏறத்தாழ ஒன்றாகவே அமைந்தன. எஞ்சினும் அதைச் சார்ந்த உறுப்புகளும் மட்டும் அவரவருடையவை. ஃபோர்ட் விண்ட்சரிலும் செவர்லே ஒஷாவாவிலும் உருவாகின. போர் முடியும்வரை கனடா செய்த எட்டு லட்சத்துக்கும் அதிகமான இராணுவ வாகனங்களில் ஏறத்தாழ பாதி இந்த வகையைச் சேர்ந்தவை. வட ஆபிரிக்கப் பாலைவனம், இத்தாலி, நோர்மண்டி, பர்மா என்று எல்லாக் களங்களிலும் இவை ஓடின. இந்தியாவுக்கும் பெருந்தொகையாகப் பாகங்களாக அனுப்பப்பட்டு அங்கே பூட்டப்பட்டன.

பெயரைப் படிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. ‘சி’ என்றால் செவர்லே, ‘எஃப்’ என்றால் ஃபோர்ட். அடுத்து வரும் எண் சுமக்கும் எடையை அந்தரில் சொல்கிறது. இலங்கையில் அரிசியும் சீமெந்தும் அந்தர் கணக்கில் வாங்கிய தலைமுறைக்கு இதை விளக்க வேண்டியதில்லை: ஓர் அந்தர் 112 இறாத்தல், ஆகவே 15 அந்தர் என்பது ஏறத்தாழ 760 கிலோ. 60 அந்தர் என்றால் மூன்று தொன். கடைசியில் வரும் ‘ஏ’ நான்கு சில்லுகளும் இழுக்கும் வகையைக் குறிக்கிறது. ஆகவே என்னுடையது பதினைந்து அந்தர் சுமக்கும், நான்கு சில்லும் இழுக்கும் செவர்லே.

இதை நான் எப்படி உறுதி செய்தேன் என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கேதான் பலரும் அவசரப்படுகிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது முன்கண்ணாடி. இந்த லொறிகளின் முன்கூடு 11, 12, 13 என்று மூன்று எண்களால் அறியப்படுகிறது. முதல் இரண்டும் போரின் தொடக்க ஆண்டுகளுக்கு உரியவை. 1941இன் பிற்பகுதியிலிருந்து போர் முடியும்வரை வந்த 13ஆம் கூட்டில் கண்ணாடியின் மேல் விளிம்பு முன்னால் நீண்டும் கீழ் விளிம்பு உள்ளே வாங்கியும் இருக்கும். வெயில் பட்டு மின்னி விமானத்திலிருப்பவன் கண்ணில் படாமலும், ஓட்டுபவரின் கண் கூசாமலும் இருப்பதற்காக அப்படிச் சாய்த்தார்கள். பண்ணைக் களஞ்சியத்தில் கைவிளக்கைப் பிடித்து அந்தச் சாய்வைப் பார்த்தவுடனேயே இது 1940இன் வாகனம் அல்ல என்பது தெரிந்துவிட்டது.

அடுத்தது அளவுநாடா. முன்சில்லின் நடுவிலிருந்து பின்சில்லின் நடுவுவரை 101 அங்குலம் வந்தது. மூன்று தொன் லொறிகளில் அந்த இடைவெளி 134 அங்குலத்துக்கோ 158 அங்குலத்துக்கோ சற்றுக் கூடுதலாக இருக்கும். சில்லும் 20 அங்குலச் சில்லாக இருக்கும். இதிலோ 16 அங்குலச் சில்லு. அளவுநாடா ஒன்றே விற்பவரின் இரண்டாவது பிழையைத் தீர்த்துவிட்டது.

கம்பனி எது என்பதற்குப் போனற்றைத் திறந்தேன். ஃபோர்ட் என்றால் 239 கன அங்குல வி8 எஞ்சின், 95 குதிரைவலு. இதில் ஆறு சிலிண்டர்கள் ஒரே வரிசையில் நின்றன. ஆயினும் எஞ்சினை மட்டும் நம்பி முடிவு கட்டக் கூடாது. எண்பது ஆண்டுகளில் ஒரு பண்ணை லொறியில் எஞ்சின் எத்தனை முறை மாறியிருக்கும் என்று யாருக்குத் தெரியும்? செவர்லேயின் 216 கன அங்குல எஞ்சினும் பின்னாளில் வந்த 235 எஞ்சினும் தூரத்திலிருந்து பார்த்தால் சகோதரர்கள் போல இருக்கும். ஸ்பார்க் பிளக்குகள் இருக்கும் பக்கத்துத் தகட்டு மூடியைப் பார்க்க வேண்டும்: 216இல் அந்த மூடி சிலிண்டர் தலைவரை உயர்ந்து, பிளக்குகள் அதனூடாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், பிந்திய 235இல் மூடி கீழே குட்டையாக நின்றுவிடும். என்னுடையதில் உயர்ந்த மூடி. அதே பக்கத்தில் டிஸ்ரிபியூட்டருக்கு அருகே எஞ்சின் எண் அடிக்கப்பட்டிருக்கும். கம்பித் தூரிகையைத் தொடாமல், மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் கிறீஸைத் துடைத்து, சோக்குக்கட்டியைத் தேய்த்து அந்த எண்ணைப் படித்தேன். முன்கூட்டின் உள்ளே இருக்க வேண்டிய பித்தளைத் தகடுகளை யாரோ எப்போதோ கழற்றிவிட்டார்கள். ஆணித் துளைகள் மட்டுமே மிஞ்சியிருந்தன. அடிச்சட்டமான சசியில் அடித்திருந்த எண்ணும் எஞ்சின் எண்ணும் சேர்ந்துதான் சந்தேகத்தைத் தீர்த்தன.

பின்னர் ஒரு நாள் லொறியின் கீழே மல்லாந்து படுத்து, பின்னச்சின் நடுவில் இருக்கும் பற்சக்கரப் பெட்டியான டிபரன்ஷலின் கிறீஸைச் சுரண்டும்போது, கறுத்த படைக்குள்ளிருந்து வெள்ளைப் பெயின்ற் வெளிப்பட்டது. இருட்டடிப்பு இரவுகளில் அணியாகச் செல்லும் லொறிகள் பின்விளக்கு எரிக்க முடியாது. ஆகவே டிபரன்ஷலை வெள்ளையடித்து, அதன் மேல் மட்டும் ஒரு சிறு விளக்கின் ஒளி விழும்படி வைப்பார்கள். பின்னால் வருபவர் அந்த வெள்ளைப் பொட்டைப் பார்த்துத் தொடர்வார். என் வாழ்நாளில் கண்ட கிறீஸ் அழுக்குகளில் என் கண்ணை நிறைத்தது அது ஒன்றுதான்.

பெயின்ற்றும் ஒரு சாட்சி. மட்காட்டின் உட்பக்கத்தில் ஓர் அங்குல வட்டத்தை நுண்மையான உப்புத்தாளால் நீர் விட்டு மெல்லத் தேய்த்தால், மரத்தின் வளையங்களைப் போல ஒவ்வொரு பூச்சும் வளையமாகத் தெரியும். மேலே பண்ணைக்காரரின் சிவப்பு, அதன் கீழே ஒலிவ் பச்சை, அதற்கும் கீழே பழுப்பு. பிரித்தானிய இராணுவம் 1944 ஏப்ரலில் எஸ்.சி.சி. 2 என்ற பழுப்பிலிருந்து எஸ்.சி.சி. 15 என்ற ஒலிவ் பச்சைக்கு மாறியது. கனடியப் படைகளும் அதே வழியில் சென்றன. பழுப்பின் மேல் பச்சை இருப்பதால் லொறி அந்த மாற்றத்துக்கு முந்தியது என்ற முடிவுக்கு வந்தேன். போனற்றின் பக்கத்தில் சிவப்பு உரிந்திருந்த இடத்தில் வெள்ளை எழுத்தில் மூன்று இலக்கங்கள் தெரிந்தன: 417. ஓர் இராணுவப் பதிவு எண்ணின் வால். கடல்கடந்து போன கனடிய இராணுவத்தின் 15 அந்தர் லொறிகளுக்கு எண்ணின் முன்னே ‘சீ இசெட்’ என்று இரண்டு எழுத்துகள் இருக்கும். பிரித்தானிய இராணுவத்துக்குப் போனவற்றில் ‘இசெட்’ மட்டும். எஞ்சிய இலக்கங்களும் முன்னெழுத்தும் சிவப்புப் பெயின்ற்றின் கீழே இருந்தன. அவற்றைப் படித்திருந்தால் இந்த லொறி யாருக்காகச் செய்யப்பட்டது என்பதையே அறிந்திருக்கலாம்.

அதை நான் இழந்த விதத்தையும் சொல்ல வேண்டும். உடலின் தகடுகளை மணல் வீசித் துப்புரவாக்கும் ஒரு வேலைத்தலத்தில் கொடுத்தேன். போனற்றின் இரண்டு பக்கத் தகடுகளையும் தொட வேண்டாம் என்று வாயால் சொன்னேன், எழுதிக் கொடுக்கவில்லை. ஒரு கிழமை கழித்துப் போனபோது எல்லாத் தகடுகளும் ஒரே சாம்பல் நிறத்தில் வெறுமையாகச் சுவரில் சாய்ந்திருந்தன. எண்ணும் இல்லை, பழுப்பும் இல்லை, பச்சையும் இல்லை. பருமனான மணலை அதிக அமுக்கத்தில் அடித்தமையால் தட்டையான தகடு அலையலையாக நெளிந்தும் போயிருந்தது. வேலைத்தலத்தார் பணத்தில் பாதியைத் திருப்பிக் கொடுத்தார்கள். நெளிவைச் சுத்தியலாலும் ஈரத் துணியாலும் ஓரளவு எடுத்துவிட்டேன். அந்த எண்ணை எதனாலும் எடுக்க முடியாது. இத்தகைய வேலையைக் கொடுக்கும்போது எந்தத் தகடு, எந்தப் பொருள், எவ்வளவு அமுக்கம் என்பதையெல்லாம் எழுத்தில் கொடுங்கள். எழுத்து இருக்கக்கூடிய எந்தத் தகட்டையும் வெளியே அனுப்பவே வேண்டாம். வீட்டிலேயே பெயின்ற் கரைக்கும் பசையைப் பூசி, பிளாஸ்ரிக் அலகால் ஒவ்வொரு படையாக உரிக்கலாம். ஒரு தகட்டுக்கு இரண்டு நாள் போகும், போகட்டும். அக்காலப் பெயின்ற்றில் ஈயம் இருக்கும் என்பதால் உலர்வாகத் தேய்ப்பதைத் தவிர்த்து, முகக்கவசம் அணிந்து செய்ய வேண்டும். இப்போது என் லொறியின் போனற்றில் 417 மட்டும் எழுதப்பட்டிருக்கிறது. ஊகித்து மற்ற இலக்கங்களை நிரப்பலாம் என்று சிலர் சொன்னார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

எஞ்சினைப் பற்றிச் சொல்வதற்கு நல்லவையே அதிகம். 85 குதிரைவலுக் கொண்ட இந்த 216 எஞ்சினை செவர்லே 1937இலிருந்து 1953வரை கார்களிலும் லொறிகளிலும் பூட்டியது. ஆகவே கஸ்கற், வால்வு, வோட்டர் பம்ப் போன்றவை இன்றும் வட அமெரிக்காவில் தடையின்றிக் கிடைக்கின்றன. நட்டுகளும் போல்ட்டுகளும் அமெரிக்க அளவுகளே என்பதால் உழவு இயந்திரக் கடையிலேயே வாங்கிவிடலாம். ஆனால் இதன் எண்ணெய் ஓட்டம் இன்றைய எஞ்சின்களைப் போன்றதல்ல. இணைப்புத் தண்டுகளின் அடியில் இருக்கும் சிறு கரண்டிகள் எண்ணெய்த் தொட்டியில் தோய்ந்து அள்ளித் தெறிக்கவிடும். தண்டுகள் சுழலும் தாங்கிகள் (பெயரிங்குகள்) வைற்மெற்றல் என்ற மென்மையான உலோகக் கலவையை வார்த்து ஊற்றியவை. எண்ணெய் அமுக்கமானியில் முள் சதுர அங்குலத்துக்கு 14, 15 இறாத்தலுக்கு மேல் ஏறாது. முதல் தடவை பார்த்தபோது பயந்துபோய் எஞ்சினை நிறுத்திவிட்டேன்.

அந்தப் பயத்தைத் தீர்த்தவர் ஸ்காபரோவில் வசிக்கும், எழுபத்தாறு வயதான ஒரு பெரியவர். யாழ்ப்பாணத்தில் கராஜ் வைத்திருந்தவர். 1990க்குப் பிந்திய பொருளாதாரத் தடைக் காலத்தில், பெற்றோல் இல்லாத ஊரில், காபரேற்றரில் சில துளி பெற்றோல் விட்டு எஞ்சினைக் கிளப்பிப் பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றி மொறிஸ் மைனர்களையும் ஒஸ்ரின்களையும் ஓடவைத்த தலைமுறையைச் சேர்ந்தவர். நீண்ட ஸ்குரூ ட்ரைவரின் நுனியை எஞ்சினில் ஊன்றி, கைபிடியைக் காதில் வைத்து ஒவ்வொரு சிலிண்டராகக் கேட்டார். “ஒயில் பிரஷரைப் பாத்துப் பயப்பிடாதையும் தம்பி, சத்தத்தைக் கேளும்” என்றார். மூன்றாவது தண்டில் மெல்லிய தட்டல். அடிச்சட்டியைக் கழற்றி, அந்தத் தாங்கியின் இரு பக்கமும் இருந்த மெல்லிய தகடுகளில் ஒவ்வொன்றை எடுத்து, எஞ்சினைக் கையால் சுழற்றிப் பார்த்து, சற்றே இறுகுவதை உணர்ந்ததும் நிறுத்தினார். இன்றைய எஞ்சின்களில் இந்தச் சரிக்கட்டலுக்கு இடமே இல்லை. இதில் கையும் காதும் இருந்தால் போதும். பிளக் வயர்களையும் அவரே சரிசெய்தார். இதன் எரி ஒழுங்கு, அதாவது சிலிண்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாக எரியும் வரிசை, 1-5-3-6-2-4. முன்னைய உரிமையாளர் இரண்டு வயர்களை மாற்றிச் செருகியிருந்தார்.

சில்லுகள் விடயத்தில் எச்சரிக்கை தேவை. இந்த 16 அங்குல றிம் இரண்டு பாதிகளை நட்டுகளால் இறுக்கிச் செய்தது. காற்று இருக்கும்போது அந்த நட்டுகளைத் தவறுதலாகக் கழற்றினால் இரண்டு பாதிகளும் வெடித்துப் பிரியும், உயிர் போகும். சில்லை லொறியோடு பிணைக்கும் நட்டுகள் வேறு, பாதிகளைப் பிணைக்கும் நட்டுகள் வேறு. பின்னையவற்றுக்கு இராணுவத்தில் சிவப்படிக்கும் வழக்கம் இருந்தது, நானும் அடித்திருக்கிறேன். வால்வின் ஊசியையே கழற்றிக் காற்று முழுவதும் போனதை உறுதி செய்யாமல் சாவியை எடுக்கவே கூடாது. துருப்பிடித்து மெலிந்த றிம்மைத் திருத்த முயலாமல் எறிந்துவிட வேண்டும். 9.00-16 ரயர் புதிதாகக் கிடைக்கிறது, விலை அதிகம்.

பிரேக் எண்ணெய் அமுக்கத்தால் இயங்குவது. சிலிண்டர்களுக்கு உள்ளுறை போட்டு, குழாய்களைப் புதிதாக வளைத்துப் பூட்டினால் நன்றாகவே பிடிக்கிறது. பழைய பிரேக் சப்பாத்தில் அஸ்பெஸ்ரஸ் இருக்கும். ஊதித் துடைக்க வேண்டாம். மின்சாரம் 6 வோல்ற். மெல்லிய வயர் போட்டால் ஸ்ராட்டர் சோம்பிச் சுழலும், தடித்த பற்றறி வயர் போட்டால் பனிக்காலத்திலும் கிளம்பும். உண்மையில் கிடைக்கக் கடினமானவை 13ஆம் கூட்டின் தகடுகளும் முன்னச்சின் மூட்டுகளும்தான். இவை கெட்டிருந்தால் வாங்கும்போதே விலையைக் குறைத்துக் கேளுங்கள், அல்லது விட்டுவிடுங்கள்.

ஓட்டும் அனுபவத்தை மென்மையானது என்று சொல்ல முடியாது. எஞ்சின் பாதி முன்கூட்டுக்குள்ளேயே நீட்டிக்கொண்டிருப்பதால் கோடையில் இடது முழங்கால் வெந்துபோகும். மிதிகள் நெருக்கமாக இருப்பதால் பெரிய சப்பாத்துடன் ஓட்ட முடியாது. நான்கு கியர்களும் ஒன்றோடொன்று தானாக இணங்கிப் போகாத பழைய வகை. கிளச்சை ஒருமுறை மிதித்து கியரை நடுவே விட்டு, மீண்டும் மிதித்துப் போட வேண்டும். தவறினால் ஊர் கேட்க அரைக்கும். மணிக்கு 60 கிலோமீற்றர்வரை சுகமாகப் போகும். அதற்கு மேல் போனால் தெறிப்பு எண்ணெயில் வாழும் அந்தத் தாங்கிகளை நினைத்து நான்தான் காலை எடுத்துவிடுகிறேன். ஆனால் ஸ்ரியரிங் வலப்பக்கம். இலங்கையில் ஓட்டப் பழகி, இந்த நாட்டில் இருபத்தெட்டு ஆண்டுகள் இடப்பக்கம் இருந்து ஓட்டிய எனக்கு, வலக்கதவைத் திறந்து ஏறி இடக்கையால் கியரைப் பிடித்த அந்த முதல் நாள் பெரும் மகிழ்ச்சியாக இருந்தது. உழுத வயலில் நான்கு சில்லையும் இணைத்து விட்டால், இந்தச் சிறிய வண்டி சேறு என்பதைப் பொருட்படுத்துவதே இல்லை.

இதே வாகனத்தை வாங்கும் எண்ணம் உள்ளவர்கள், பணத்தைக் கொடுக்கும் முன் ஒஷாவா விமான நிலையத்தை ஒட்டியிருக்கும் ஒன்ராறியோ ரெஜிமென்ற் அருங்காட்சியகத்துக்கு ஒரு தடவை போய் வர வேண்டும். கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டி வைக்கும் இடமல்ல அது. பழைய இராணுவ வாகனங்களை ஓடும் நிலையில் வைத்திருந்து, குறிப்பிட்ட நாட்களில் பார்வையாளர் முன் ஓட்டியும் காட்டுகிறார்கள். தொண்டர்களாக வேலை செய்பவர்கள் கையில் கிறீஸோடு நின்றுகொண்டே கேள்விகளுக்குப் பொறுமையாகப் பதில் சொல்வார்கள். என் லொறியின் பின்பக்க விளக்கு எந்த இடத்தில் பூட்டப்பட வேண்டும் என்ற ஐயம் அங்கேதான் தீர்ந்தது. ஒட்டாவாவின் கனடியப் போர் அருங்காட்சியகத்திலும் இவ்வகை லொறிகள் உள்ளன. தூரம் கூட, ஆனால் வர்ணத்தையும் குறியீடுகளையும் ஆறுதலாகப் பார்க்க அது நல்ல இடம்.

ஒன்ராறியோவில் முப்பது ஆண்டுக்கு மேற்பட்ட, மூல வடிவம் பெரிதும் மாறாத வாகனத்துக்கு வரலாற்று வாகன இலக்கத்தகடு பெறலாம். அந்தத் தகட்டோடு நாளாந்தப் பாவனைக்கு ஓட்ட முடியாது. கண்காட்சிக்கும் அணிவகுப்புக்கும் போய்வரலாம். எஞ்சினை மாற்றி, 12 வோல்ற்றாக்கி, நவீன கியர்பெட்டி பூட்டிய லொறிகளும் விற்பனைக்கு வருகின்றன. ஓட்ட இலகு என்றாலும் எனக்கு அவை வேண்டாம், உங்களுக்கும் நான் பரிந்துரைக்க மாட்டேன். கராஜில் இருபது அடி நீளத்துக்கு வெற்றிடமும், மூன்று நான்கு ஆண்டுகள் சனிக்கிழமைகளை விட்டுக்கொடுக்கும் குடும்பமும் இருந்தால் சி15ஏயைத் தயங்காமல் வாங்கலாம். மூன்று தொன் வகைகளைவிட இது கைக்கு அடக்கமானது, பாகமும் இலகுவாகக் கிடைக்கும். பார்க்கப் போகும் நாளில் அளவுநாடா, கைவிளக்கு, மண்ணெண்ணெய்ப் போத்தல், பழைய துணி, சோக்குக்கட்டி, கமரா ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். விற்பவர் எதிரிலேயே லொறியின் கீழே படுத்து டிபரன்ஷலைத் துடைத்துப் பாருங்கள். போனற்றின் இரண்டு பக்கத்தையும் சாய்ந்த வெளிச்சத்தில் படம் எடுங்கள்; பெயின்ற்றின் கீழே புதைந்த எழுத்தின் விளிம்பு, நேர் வெளிச்சத்தில் தெரியாவிட்டாலும் சாய்ந்த வெளிச்சத்தில் மேடாகத் தெரியும்.